விசுவாசக் குழுத் தலைவர்

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் குடமுருட்டி தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ரத்தினவேல் கலை அறிவியல் கல்லூரி வரும். அங்கே படிப்பு எப்படி என்று கேட்டால் யாரும் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். கபடி எப்படி என்று கேட்டால் வாசலில் கட்டியிருக்கும் ஃப்ளெக்ஸைக் காட்டுவார்கள். அதில் முக்கால்வாசி இடத்தைத் தாளாளர் ரத்தினவேல் கும்பிட்டபடி அடைத்துக்கொண்டிருப்பார். அவருடைய முழங்கைக்குக் கீழே, பல்கலைக்கழகக் கோப்பையை ஜெயித்த பெண்கள் அணி பாஸ்போர்ட் போட்டோ அளவில் நிற்கும். அந்தக் கூட்டத்தில் தன் மகள் மலர்க்கொடியைக் கண்டுபிடிக்க வீராயிக்கு வெகுநேரம் ஆனது.

அந்தக் கோப்பையே மலர்க்கொடியால் வந்ததுதான். இறுதிப் போட்டியில் கடைசி ரெய்டு அவளுடையது. எதிரணிப் பெண்கள் மூன்று பேர் அவளுடைய இடது காலைக் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். அவள் மூன்று பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டாள். முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. கோப்பை தாளாளர் அறைக்குப் போனது, கிழிந்த ஜவ்வு மலர்க்கொடியோடு ஜீயபுரம் போனது.

தில்லைநகரில் ஒரு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார். அதற்குப் பிறகு மாசக்கணக்கில் பிசியோதெரபி. செய்யாவிட்டால் கபடியை மறந்துவிடலாம், கொஞ்ச நாள் போனால் மாடிப்படியையும் மறக்க வேண்டியிருக்கும் என்றார். வீராயி ஜீயபுரத்தில் வாழைத்தோட்டத்துக்கு இலை அறுக்கப் போகிறவள். ஆகவே அம்மாவும் மகளும் கல்லூரியைக் கேட்கப் போனார்கள்.

முதல்வர் டாக்டர் ரங்கநாதன் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண் பளிச்சென்று இருக்கும், பேச்சு அதைவிடப் பளிச்சென்று இருக்கும். இருவரையும் உட்காரவைத்துக் காபி வரவழைத்தார். விளையாட்டுக்கு நிதி இருக்கிறது, ஆனால் அது வேறு கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்கப்பட்டது என்று விளக்கினார். அந்த நிதியில்தான் போன மாசம் கரூரிலிருந்து ஒரு பையனை மோட்டார் சைக்கிள் கொடுத்துக் கூட்டிவந்திருந்தார்கள்.

"வர்றவாளுக்கு பட்ஜெட்ல ஒரு தலைப்பு இருக்கு. ஏற்கெனவே இருக்கறவாளுக்குன்னு தலைப்பே கிடையாதும்மா. அடியேன் என்ன பண்ணட்டும்?" என்றார்.

இருக்கிறவர்களுக்கு என்ன உண்டு என்று மலர்க்கொடி கேட்டாள். ஃப்ளெக்ஸ் உண்டு என்றார்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. இடம், விடுதி, மாசா மாசம் உதவித்தொகை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தங்கள் சொந்த ஆஸ்பத்திரியிலேயே முழங்கால் ஆபரேஷன். மாசக் கடைசிக்குள் டி.சி.யும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொண்டுவந்து சேர வேண்டும், அவ்வளவுதான். மலர்க்கொடி அன்றைக்கே ஆபீஸுக்குப் போய் டி.சி. கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. கேட்ட நேரம்தான் தப்பு. அதே மாசம் ஆண்கள் அணியில் நாலு பேர் வேறு கல்லூரிகளுக்குப் போயிருந்தார்கள். ஒருவன் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாமல் போய்விட்டான் என்று விடுதியில் பேச்சு. தாளாளருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பிள்ளைகளிடம் விசுவாசம் செத்துப்போய்விட்டது, அதைச் சட்டம் போட்டுத்தான் எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்தார். ஒரே மூச்சில் அவர் சொல்லச் சொல்ல, முதல்வர் தட்டச்சு செய்ய, கல்லூரி விசுவாசக் குழு பிறந்தது.

குழுவின் விதிகளை நான் படித்திருக்கிறேன். நம் ஊரில் ஒரு ஆள் எந்தப் படிப்பும் இல்லாமல் இவ்வளவு நன்றாக ஒரு பூட்டுச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை. கல்லூரியை விட்டுப் போகிறவர் யாராக இருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், குழுவின் தடையின்மைச் சான்று இல்லாமல் போக முடியாது. குழுவின் தலைவர், கல்லூரியில் எல்லாரையும்விட அதிக காலம் விடாமல் இருந்தவராக இருக்க வேண்டும். தலைவர் மூன்று வருஷம் முடியாமல் கல்லூரியை விட்டு நகரக் கூடாது. ஒரு வேளை தலைவருக்கே சட்டப்படி டி.சி. வழங்கப்பட்டுவிட்டால் அந்த நிமிஷமே பதவி போய்விடும். குழுவை யாரும், தாளாளரே நினைத்தாலும், கலைக்க முடியாது. இந்தக் கடைசி விதியைச் சொல்லும்போது தாளாளர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாராம். அரசியலில் இருந்த காலத்தில் அவர் உட்கார்ந்த குழுக்களையெல்லாம் யாராவது கலைத்துக்கொண்டே இருந்த வருத்தம் அவருக்கு.

விசாரணைக்கு முன்னால் மனமாற்ற வகுப்பு என்று ஒன்று வைத்தார்கள். மலர்க்கொடி ஒருத்திக்காக ஏ.சி. அரங்கத்தைத் திறந்தார்கள். முதல்வர் திரையில் படம் போட்டுப் பேசினார். அனுமார் வந்தார், இளையபெருமாள் வந்தார், கடைசியில் முதல்வரே வந்தார்.

"நான் இதுவரைக்கும் நாலு காலேஜ்ல பிரின்சிபாலா இருந்திருக்கேன். நாலுலயும் பரிபூர்ண விசுவாசத்தோட கைங்கர்யம் பண்ணியிருக்கேன். ஒரு இடத்துல இருக்கறச்சே இன்னொரு இடத்தை மனசால நினைச்சது கிடையாது, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில வர்ற வரைக்கும். இந்த நிஷ்டை உங்க தலைமுறைக்கு ஏன் இல்லேன்னுதான் என் ஏக்கம்."

மலர்க்கொடி தன் கையிலும் ஆர்டர் வந்துவிட்டது என்று சொன்னாள். அது வேறு என்றார் முதல்வர். எப்படி வேறு என்று அவருக்கும் உடனே பிடிபடவில்லை, விளக்கைப் போடச் சொல்லிவிட்டார்.

அடுத்து தாளாளர் வீராயியையும் வரச் சொன்னார். அன்றைய கூலியை விட்டுவிட்டு அவள் வந்து நின்றாள். தாளாளர் ரத்தினவேல் மேஜைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில் அவர் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கரை வேட்டி கட்டி எடுத்த படங்கள் வரிசையாக இருந்தன.

"உன் பொண்ணை நான் என் பொண்ணாத்தான் பார்க்குறேன். அது முட்டி அதோட முட்டி இல்லைம்மா, இந்தக் காலேஜோட முட்டி. அதை இன்னொருத்தன் ஆஸ்பத்திரியில காட்டுறதுக்கு நான் சம்மதிப்பனா? என்னைக்கூட கட்சி மாறுனவன்னு சொல்றாங்க. நான் மாறவே இல்லை. ஜெயிக்கிற இடத்துலதான் நின்னேன், அசையாம அதே இடத்துல நின்னேன். கட்சிங்கதான் வந்து வந்து போச்சு. விசுவாசம்னா அதும்மா."

காலேஜோட முட்டி என்றால் காலேஜே வைத்தியம் பார்க்கலாமே என்று வீராயி பணிவாகத்தான் கேட்டாள். தாளாளர் கண் கலங்கிவிட்டார். பாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது செலவைப் பற்றிப் பேசுகிறவர்களை நினைத்தால் தனக்கு மனசு விட்டுப்போகிறது என்றார்.

பிறகு குழுவுக்குத் தலைவர் தேடும் படலம். இது சுலபமாக முடியும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். முதல்வர் வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கபடி பயிற்சியாளர் அமிர்தசாமி போன வருஷம்தான் புதுக்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து, அங்கே ஆடிக்கொண்டிருந்த ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மொத்தமாக வந்து இறங்கியவர். துறைத் தலைவர்கள் எல்லாரும் எங்கிருந்தோ இழுத்துவரப்பட்டவர்கள், அடுத்த இழுப்புக்குக் காத்திருப்பவர்கள். வாட்ச்மேன்கள் கான்ட்ராக்ட், வருஷம் முடிவதற்குள் மாறிவிடுவார்கள். தாளாளரைப் போடலாம் என்றால், அவரே இந்தக் கல்லூரியைப் பழைய டிரஸ்டிடமிருந்து வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. பழைய ஆட்களையெல்லாம் வந்த வாரமே அனுப்பிவிட்டார்.

வருகைப் பதிவேடுகளை எல்லாம் புரட்டிவிட்டு அமிர்தசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். பி.ஏ. முதல் வருஷத்திலிருந்து இன்றைக்கு எம்.ஏ. வரை, நாலாவது வருஷமாக, இந்த வளாகத்தை விட்டு நகராமல் இருப்பது ஒரே ஒரு ஜீவன். அது மலர்க்கொடி.

விதி என்றால் விதிதான். மலர்க்கொடிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாணவி மலர்க்கொடியின் விசுவாசத்தை விசாரிக்கும் குழுவுக்கு மலர்க்கொடி தலைவரானாள். வாசலில் புது ஃப்ளெக்ஸ் வந்தது. இந்தத் தடவை அவள் படம் கொஞ்சம் பெரிதாக, தாளாளரின் கைக்கடிகார அளவுக்கு இருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அணியில் தன் சிநேகிதியான பாலக்கரைப் பெண் மெஹ்ரீனிடம் கேட்டாள். "நல்லதுதானே, நீயே உனக்கு ஓகே சொல்லிட்டுக் கிளம்பு" என்றாள் மெஹ்ரீன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மலர்க்கொடியும் நம்பினாள்.

விசாரணை நாளில் ஒரு பெரிய நாற்காலியும் எதிரே ஒரு சின்ன நாற்காலியும் போட்டிருந்தார்கள். பெரியது தலைவருக்கு, சின்னது மாணவிக்கு. மலர்க்கொடி பெரிய நாற்காலியில் உட்கார்ந்து, முதல்வர் எழுதிக் கொடுத்த முதல் கேள்வியை வாசித்தாள். "இந்தக் கல்லூரி உனக்கு என்ன குறை வைத்தது?" பிறகு எழுந்து, இடது காலை இழுத்துக்கொண்டு, சின்ன நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, முழங்காலுக்கு வைத்தியம் இல்லை என்று பதில் சொன்னாள். மறுபடி எழுந்து வந்து அடுத்த கேள்வி. இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லட்டுமே சார் என்று மெஹ்ரீன் கேட்டுப் பார்த்தாள். குற்றம்சாட்டப்பட்டவருக்குத் தனி இருக்கை தராமல் விசாரிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார் முதல்வர். ஆகவே மெஹ்ரீன் அவள் அக்குளில் கை கொடுத்து இந்த நாற்காலிக்கும் அந்த நாற்காலிக்கும் நடத்திக்கொண்டே இருந்தாள். கேள்விகள் முடிவதற்குள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. நடுவில் தலைவர் ஒருமுறை கண்கலங்கினார் என்றும், அது கல்லூரியின் மேலுள்ள பற்றினால் என்றும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். மாணவிக்கு டி.சி. கொடுத்துவிடலாம். எல்லாரும் கைதட்டினார்கள். மலர்க்கொடி முதல்வரிடம் டி.சி.க்குக் கை நீட்டினாள். தலைவர் மூன்று வருஷம் நகரக் கூடாது என்ற விதியை முதல்வர் அப்போதுதான் நிதானமாக வாசித்தார்.

"அப்ப நான் யாருக்குங்க சார் டி.சி. குடுக்கச் சொன்னேன்?"

"மாணவிக்கு."

"மாணவி நான்தானுங்களே."

"மாணவி தாராளமாப் போலாம். தலைவர்தான் போகப்படாது."

ராஜினாமா செய்கிறேன் என்றாள். செய்யலாம், குழு ஏற்க வேண்டும் என்றார்கள். முதல்வரும் துறைத் தலைவர்களும் அடங்கிய குழு அங்கேயே கூடி, இப்படிப்பட்ட தலைவரை இழக்க மனமில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு ராஜினாமாவை நிராகரித்தது. இன்னொரு பொன்னாடையும் போர்த்தினார்கள். அதோடு அவளை பஸ் ஏற்றி விட்டார்கள். ஜீயபுரம் வரைக்கும் உட்கார இடம் கிடைக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு வந்தது அழுகையில்லை, வெறும் ஆத்திரம். எதற்காக அந்த மூன்று பேரையும் கோடு வரைக்கும் இழுத்தோம், பிடித்த இடத்திலேயே விழுந்திருக்கலாமே என்று அம்மாவிடம் சொன்னாள். வீராயி காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல்வர் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்த்தால், அவர் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்து அங்கே வரவேற்பு விழாவும் முடிந்துவிட்டது. ஆர்டர் கையில் வந்திருக்க வேண்டும். அமிர்தசாமியும் கூடப் போயிருந்தார். வரும்போது ஐந்து பிள்ளைகளோடு வந்தவர், போகும்போது ஏழு பிள்ளைகளோடு போனார். கல்லூரிக்கு அந்த வகையில் இரண்டு நஷ்டம். குழுவின் சான்று வாங்கவில்லையே என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை, சம்பளமே பாக்கி வைக்கிற இடத்தில் சான்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. முதல்வர் பொறுப்பையும் தாளாளரே எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்ட வாரத்திலேயே கல்லூரியை விற்றும்விட்டார். கோயம்புத்தூரில் நூல் மில் வைத்திருக்கும் குடும்பம் ஒன்று நல்ல விலை கொடுத்து வாங்கியது. கட்டடம், பஸ், பிள்ளைகள், ஃப்ளெக்ஸ் சட்டங்கள் எல்லாம் சேர்த்து. அடுத்த திங்களன்று சாவியைக் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொள்வதாகப் பேச்சு.

கோயம்புத்தூர்க்காரர்கள் வக்கீல் வைத்து எல்லா விதிகளையும் படித்தார்கள். அந்த வக்கீல் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தாளாளருக்குப் போன் செய்து, கல்லூரியை விட்டுப் போகிறவர் யாராக இருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும் விசுவாசக் குழுவின் சான்று வேண்டும் என்று இருக்கிறதே, உங்கள் சான்று எங்கே என்று கேட்டார். தாளாளர் சிரித்துக்கொண்டே அது பிள்ளைகளுக்காகப் போட்டது என்றார். விதியில் அப்படி இல்லை என்றார் வக்கீல். கலைத்துவிடுகிறேன் என்றார் தாளாளர். கலைக்க முடியாது என்றும் இருக்கிறது, உங்களுக்கு நீங்களே விலக்குக் கொடுத்துக்கொண்டால் நாங்கள் ஏற்க மாட்டோம் என்றார் வக்கீல். சான்று வரும்வரை பணம் வராது என்றும் சொல்லிவிட்டார்.

மத்தியானம் ஜீயபுரத்து வாழைத்தோட்டச் சந்துக்குள் ஒரு வெள்ளைக் கார் நுழைய முடியாமல் நுழைந்தது. தாளாளர் ரத்தினவேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி, தானே நடந்து வந்து, வீராயி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் ஒரு பொன்னாடை இருந்தது. மெஹ்ரீனும் அங்கே இருந்தாள், விஷயம் கல்லூரி முழுக்கப் பரவியிருந்ததால் காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

தாளாளர் விஷயத்தைச் சொல்லி, தலைவர் கையெழுத்துக்காகச் சான்றை நீட்டினார். மலர்க்கொடி அதை வாங்கிப் படித்தாள். நாலு வருஷத்தில் அவளும் ஏதோ கற்றுக்கொண்டிருந்தாள்.

"விசாரணை இல்லாம சான்று குடுக்கக் கூடாதுங்களேய்யா. இந்தக் கல்லூரி உங்களுக்கு என்ன குறை வச்சது?"

தாளாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். "குறையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நல்ல விலை வந்துச்சு."

"எனக்கும் அதேதானுங்க" என்றாள் மலர்க்கொடி.

அவர் புரிந்துகொண்டார். புரிந்துகொள்ள அவருக்குக் கற்றுத் தரவா வேண்டும். காரில் ஆள் அனுப்பினார். ஆபீஸில் மூன்று வாரமாகத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரிஜினல்கள் ஒரு மணி நேரத்தில் வந்தன. டி.சி.யும் முத்திரையோடு வந்தது, முதல்வர் பொறுப்பில் அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவசரத்துக்கு மூன்று வருஷ விதியைத் தள்ளிவைத்தும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவர் விதி, அவர் தள்ளிவைத்தார்.

அங்கேதான் ஒரு சிக்கல். தாளாளர் முதலில் டி.சி.யில் கையெழுத்துப் போட்டால் மலர்க்கொடி அந்த நிமிஷமே தலைவர் இல்லை, அவருடைய சான்றில் போட ஆள் கிடையாது. மலர்க்கொடி முதலில் சான்றில் போட்டால் தாளாளர் எழுந்து காரில் ஏறிவிடலாம்.

"என்னை நம்பலையாம்மா? நான் உனக்கு அப்பா மாதிரி" என்றார் தாளாளர்.

"நீங்க முதல்ல போடுங்கய்யா. போட்டப்புறமும் நான் போடுவேன்" என்றாள் மலர்க்கொடி.

தாளாளர் பேனாவைத் திறந்து, மறுபடி மூடிவிட்டார். வருஷக்கணக்காக மேடை மேடையாக விசுவாசம் என்று முழங்கிய மனிதர், இலை அறுக்கிறவள் மகள் தன்னை ஏமாற்றிவிடுவாளோ என்று பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். மலர்க்கொடி அவரை நம்பப் பயந்ததிலாவது நியாயம் இருந்தது.

"நீ முந்திக்காதே" என்று மலர்க்கொடியின் காதில் சொன்னாள் மெஹ்ரீன்.

கடைசியில் வீராயிதான் ஒரு வழி சொன்னாள். இரண்டு காகிதத்தையும் ஒரே ஸ்டூலில் வைத்து, இரண்டு பேரும் பேனாவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் மூன்று எண்ணுவாள். மூன்று சொன்னதும் இரண்டு பேரும் ஒன்றாகப் போட வேண்டும்.

வீராயி எண்ணினாள். மூன்று சொன்னாள். யாரும் போடவில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் பேனா நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீராயி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். இந்தத் தடவை இரண்டு பேனாவும் ஒன்றாக இறங்கின. மெஹ்ரீன் டி.சி.யை உருவிக்கொண்டாள், தாளாளர் சான்றை உருவிக்கொண்டார்.

பொழுதோடு சென்னை பஸ்ஸைப் பிடிக்க ஆட்டோ வந்து நின்றது. பையை எடுத்து வைத்தார்கள். தாளாளர் அப்போதும் போகவில்லை. சான்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவுடன் அவர் முகமே மாறியிருந்தது, பழைய தெம்பு வந்துவிட்டது. ஆட்டோ பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தஞ்சாவூர்ப் பக்கம் புதுசா ஒரு ஸ்போர்ட்ஸ் யுனிவர்சிட்டி ஆரம்பிக்கிறேன்மா. சென்னைக்காரன் தர்றதைப் போல ரெண்டு மடங்கு தரேன். ஆபரேஷனும் நானே பார்த்துக்கிறேன். உன்னை விட்டுட்டு நான் எங்க போவேன், நீ என் பொண்ணு."

மலர்க்கொடி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்தக் காலுக்குங்கய்யா ஆபரேஷன்?"

தாளாளர் அவளுடைய இரண்டு கால்களையும் பார்த்தார். பேன்ட் இரண்டையும் மூடியிருந்தது. பிறகு மேடையில் பேசுகிற அதே உறுதியோடு வலது காலைக் காட்டினார்.

மலர்க்கொடி இடது காலை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்துக்கொண்டு, டிரைவரிடம் போகலாம் என்றாள்.